ஐந்து மூன்றானபோது: தொலைத்தொடர்புக் கம்பனிகளின் இணைப்பும் கிழக்குக் கரையின் கேள்விகளும்

2024 ஜூன் 26ஆம் திகதி எயார்டெல் லங்கா முழுமையாக டயலொக் ஆசியாட்டாவின் கைக்கு வந்தது. காசு கைமாறவில்லை. தன் இலங்கைக் கம்பனியைக் கொடுத்த இந்தியாவின் பார்தி எயார்டெல், பதிலுக்கு டயலொக்கின் 10.355 வீதப் பங்குகளைப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் ஏப்ரலில் கையெழுத்தான உடன்படிக்கை இரண்டு மாதங்களில் நிறைவேறியது. 2009இல் இந்த நாட்டில் ஐந்து கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் இருந்தன. 2018இல் நான்காகி, 2024இல் மூன்றாகின. இப்போது இருப்பவை டயலொக், எஸ்.எல்.ரி-மொபிட்டெல், ஹட்ச் மட்டுமே.

பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் இது பங்குவிலைச் செய்தியாக வந்து போனது. அறுகம்பேயில் இருந்துகொண்டு பார்க்கிறபோது எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. இங்கே உல்லைக் கடற்கரையில் விடுதி நடத்துபவருக்கும், பொத்துவில் சந்தியில் ரீலோட் கடை வைத்திருப்பவருக்கும், கட்டாரில் இருக்கும் கணவனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் கல்முனைப் பெண்ணுக்கும், 2009க்கு முன் காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் திருக்கோவில் தாய்க்கும் கையிலுள்ள இலக்கம் ஒரு சாதாரண வணிகப் பொருள் அல்ல. அந்த இலக்கத்தின் முதலாளி மாறினால் எது மாறும், எது மாறாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இணைப்பு என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1988இல் ஒரு பிரகடனத்தால் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகின. 2006இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்றால் பிரிந்தன. கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்தின் எல்லை எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. காகிதத்தில் ஒரே கையெழுத்தில் இரண்டைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். அந்த இரண்டுக்குள்ளும் வாழ்கிறவர்களின் பழக்கமும் பயமும் நம்பிக்கையும் கையெழுத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கம்பனிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரே மேசை, நான்கு பெயர்ப் பலகைகள்

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவையை 1989இல் முதலில் ஆரம்பித்தது செல்டெல். தென்னாசியாவிலேயே முதலாவது என்ற பெருமையும் அதற்கு உண்டு. மில்லிகொம் என்ற ஐரோப்பியக் கம்பனியின் உரிமையில் இருந்த செல்டெல், 2007இல் டிகோ என்று பெயர் மாறியது. 2009இல் அபுதாபியின் எடிசலாட் அதை 207 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2010இல் பலகை எடிசலாட் ஆனது. 2018 நவம்பர் முடிவில் ஹொங்கொங்கின் சீ.கே. ஹச்சிசன் குழுமத்தின் ஹட்ச்சுடன் அது இணைந்தது. இணைந்த கம்பனியில் ஹச்சிசனுக்கு 85 வீதம், எடிசலாட்டுக்கு 15 வீதம். பிறகு எடிசலாட் என்ற பெயரும் சந்தையிலிருந்து மறைந்தது. 072 என்று தொடங்கும் இலக்கங்கள் மட்டும் இத்தனை முதலாளிகளையும் தாண்டி இன்றும் ஒலிக்கின்றன.

தொண்ணூறுகளில் செல்டெலில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எங்கும் விலகாமல் இருந்திருந்தால், எழுந்து போகாத ஒரே மேசையில் நான்கு பெயர்ப் பலகைகளைக் கண்டிருப்பார். ஒவ்வொரு பலகையுடனும் புதிய நிறம், புதிய கோஷம், புதிய சம்பளப் படிநிலை, புதிய அறிக்கை முறை, புதிய மேலதிகாரி. வெளியில் இருப்பவர்களுக்கு இது விளம்பர மாற்றம். உள்ளே இருப்பவருக்கு, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், தவறு நடந்தால் யார் பொறுப்பு, எதைச் செய்தால் பாராட்டு, எதைச் செய்தால் கண்டிப்பு என்ற எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். முகாமைத்துவப் புத்தகங்கள் நிறுவனக் கலாசாரம் என்று சொல்வது இதைத்தான். கம்பனியின் சட்டக்கோவையில் எழுதப்படாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற வழக்கம் அது.

ஒரு முதலாளி மாதாந்த விற்பனையைப் பார்ப்பார். இன்னொருவர் சிக்னல் தரத்தைப் பார்ப்பார். ஒருவரிடம் பிராந்திய முகாமையாளருக்கு ஒரு டவரைத் திருத்தச் செலவு செய்யும் அதிகாரம் இருக்கும். இன்னொருவரிடம் அதற்குக் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து வெளிநாட்டுத் தலைமையகத்துக்கும் கடிதம் போகவேண்டும். இந்த வித்தியாசம் பாணமையிலோ கோமாரியிலோ இருப்பவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் தெரியவரும். டவர் பழுதானால் அது திருத்தப்பட எத்தனை நாள் எடுக்கிறது என்பதுதான் அது.

ஜப்பானியர் வந்த காலம்

இந்த நாட்டின் மிகப்பெரிய முகாமைத்துவ மோதல் தனியார் கம்பனிகளுக்கு இடையில் நடக்கவில்லை. அது ஸ்ரீலங்கா ரெலிகொமில் நடந்தது. அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்பு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே கூட்டுத்தாபனமாகி, பின்னர் கம்பனியாகி, 1997இல் 35 வீதப் பங்கு ஜப்பானின் என்.ரி.ரிக்கு 225 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. ஐந்து வருட முகாமைத்துவமும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

இரு தரப்புக்கும் வேலை என்பதன் பொருளே வேறாக இருந்தது. ஒரு பக்கம் சேவைமூப்பு, ஓய்வூதிய மனநிலை, பலமான தொழிற்சங்கங்கள், அரசியல் சிபாரிசில் வந்த நியமனங்கள். மறுபக்கம் கால அட்டவணை, அளவீடு, இலாபநட்டக் கணக்கு. தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த மக்கள் அந்தக் காலத்தில்தான் ஓரளவு விரைவாக இணைப்புப் பெற்றார்கள் என்பது உண்மை. வெளிநாட்டு அழைப்புகளில் கம்பனிக்கு இருந்த தனியுரிமை 2002 ஓகஸ்டில் முடிந்ததும் கட்டணங்கள் விழுந்தன என்பதும் உண்மை. ஆனால் வடக்கிலும் கிழக்கின் பல பகுதிகளிலும் இருந்த எங்களுக்கு அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி போர்நிறுத்தம் வரும்வரை கேள்விப்பட்ட கதைதான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேச வவுனியாவுக்கோ கொழும்புக்கோ பயணம் செய்து, கொமினிகேசன் கடையில் நிமிடக் கணக்கில் காசு கொடுத்துப் பேசிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

2008இல் என்.ரி.ரி தன் பங்குகளை விற்றுவிட்டு விலகியது. வாங்கியது மலேசியாவின் ஆனந்த கிருஷ்ணன் குழுமத்தைச் சேர்ந்த கம்பனி. யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட குடும்பத்தில் பிறந்த அவர் 2024 நவம்பரில் காலமானார். தமிழர் ஒருவர் முதலாளியானதால் தமிழில் கட்டணப் பட்டியல் வந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முதலீட்டாளரின் பூர்வீகத்துக்கும் வாடிக்கையாளரின் மொழிக்கும் தானாக எந்த உறவும் ஏற்படுவதில்லை.

அதே குழுமத்துக்குள் இன்னொரு இடைவெளியும் வளர்ந்தது. மொபிட்டெல் 1993இல் அவுஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவுடன் கூட்டாகத் தொடங்கப்பட்டு, 2002இல் முழுமையாக ரெலிகொமுக்குச் சொந்தமானது. தாய்க் கம்பனியில் அரச திணைக்களத்தின் நிழல் இருந்தது. பிள்ளைக் கம்பனியோ இளைஞர்களால் நிரம்பிய சந்தைப்படுத்தல் கம்பனியாக வளர்ந்தது. இரண்டையும் ஒரே வணிகப் பெயரின் கீழ் கொண்டுவர 2021 ஜனவரி வரை ஆனது. பத்தொன்பது வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கே ஒரு பெயரைப் பகிர இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த வீட்டின் பின்வாசலில் நின்றவர்கள் மனிதவள ஒப்பந்த ஊழியர்கள். கேபிள் இழுப்பவர்களும், பழுது பார்ப்பவர்களும், வீட்டுக்கு வந்து இணைப்புக் கொடுப்பவர்களும் அவர்களே. ரெலிகொமின் வேலையை வருடக்கணக்கில் செய்தும் ரெலிகொமின் ஊழியர்களாக அவர்கள் கணக்கிடப்படவில்லை. 2016 டிசம்பர் இறுதியில் நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீண்டது. தொலைத்தொடர்புத் துறையில் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியை அது முதல்தடவையாகப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. இன்றைய இணைப்புகளிலும் கேட்கப்படாத கேள்வி அதுதான்.

உலகம் கற்ற பாடங்கள்

கம்பனி இணைப்புகள் தோற்பது பெரும்பாலும் கணக்குப் பிழையால் அல்ல. 2005இல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட், நெக்ஸ்டெலைச் சுமார் 35 பில்லியன் டொலருக்கு வாங்கியது. நெக்ஸ்டெலின் வாடிக்கையாளர்கள் கட்டடத் தொழிலாளர்கள், லொறிச் சாரதிகள், சிறு ஒப்பந்தக்காரர்கள். பொத்தானை அழுத்தியதும் வோக்கி-டோக்கி போலப் பேசும் வசதிக்காகவே அதை வைத்திருந்தார்கள். ஸ்பிரிண்ட் ஒழுங்குமுறையான, படிநிலை கொண்ட கம்பனி. நெக்ஸ்டெலில் விற்பனையாளருக்கே முடிவெடுக்கும் துணிச்சல் இருந்தது. ஒருவர் கன்சாஸில், மற்றவர் வேர்ஜினியாவில் என்று தலைமையகமும் இரண்டாகவே தொடர்ந்தது. இரண்டு வலையமைப்புகளின் தொழில்நுட்பங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2008 தொடக்கத்தில் சுமார் 30 பில்லியன் டொலர் பெறுமதி கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. 2013 ஜூனில் நெக்ஸ்டெல் வலையமைப்பே நிறுத்தப்பட்டது. வாங்கியவர், தான் வாங்கியதன் உயிர்நாடி எது என்று அறியாமல் வாங்கினார் என்பதே அதன் சாரம்.

2006இல் பிரான்ஸின் அல்காட்டெலும் அமெரிக்காவின் லூசென்டும் இணைந்தன. தலைமையகம் பரிஸில். நிறைவேற்று அதிகாரி அமெரிக்கர், தலைவர் பிரெஞ்சுக்காரர். இரண்டு வருடங்களுக்குள் நட்டத்துக்குமேல் நட்டம் வந்து, 2008 ஜூலையில் இருவருமே பதவி விலகுவதாக அறிவித்தார்கள். கூட்டங்கள் எந்த மொழியில் நடக்கும், ஒரு முடிவை யார் இறுதியாக்குவார் என்பவைகூட அங்கே பிரச்சினையாகின. நோக்கியா 2016இல் அந்தக் கம்பனியை விழுங்கியது.

இந்தியாவில் வோடபோனும் ஐடியாவும் 2018 ஓகஸ்ட் 31இல் இணைந்தபோது கிட்டத்தட்ட 40 கோடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இன்று அதில் ஏறத்தாழ பாதிதான். ஜியோவின் விலைப்போர், 2019 ஒக்டோபரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பின் கடன்சுமை என்பவை முக்கிய காரணங்கள். ஆனால் நகரங்களில் பலமாக இருந்த ஒன்றும், சிறுபட்டினங்களில் வேர்விட்டிருந்த மற்றதும் உள்ளே ஒன்றாகித் தீருமுன் போட்டியாளர் ஓடிவிட்டார் என்பதையும் மறக்க முடியாது. 2025இல் இந்திய அரசே அந்தக் கம்பனியில் கிட்டத்தட்ட அரைப்பங்குக்கு உரிமையாளரானது.

எங்களுக்கு மிக நெருங்கிய பாடம் தமிழ்நாட்டின் ஏர்செல். 2006இல் அதன் 74 வீதத்தை வாங்கியது முன்னர் சொன்ன ஆனந்த கிருஷ்ணனின் மக்சிஸ். 2017இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடனான இணைப்பு முறிந்தது. 2018 பெப்ரவரியில் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கம்பனி வங்குரோத்து அறிவித்தது. இலக்கத்தை இழக்காமல் வேறு கம்பனிக்கு மாற்றிக்கொள்ளும் குறியீட்டு எண்ணுக்காக மக்கள் ஏர்செல் கடைகளுக்கு முன் திரண்டு நின்றார்கள். அந்த வரிசை எவ்வளவு அவலமானதாக இருந்தாலும் அவர்களிடம் அந்த உரிமையாவது இருந்தது. இலங்கையிலோ இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதி வருடக்கணக்காக அறிவிப்புகளிலேயே இழுபட்டது. 2024 இணைப்பு நடந்தபோதும் அது நடைமுறையில் இருக்கவில்லை.

ஏன் விற்றார்கள்?

நியாயமாகப் பேசவேண்டுமானால் எயார்டெல் வெளியேறியதற்கும் காரணங்கள் உண்டு. 2009 ஜனவரியில் அது வந்தபோது சந்தையில் ஏற்கெனவே நான்கு பேர். இரண்டு கோடிச் சொச்சம் மக்களுள்ள தீவில் ஐந்தாவது கம்பனி கட்டணத்தைக் குறைத்தே நுழைய முடியும். குறைத்தது. மற்றவர்களும் குறைத்தார்கள். 2010இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்குக் கீழே போகக்கூடாது என்று அடிமட்டக் கட்டணம் நிர்ணயிக்கும் அளவுக்கு அந்தப் போர் கடுமையானது. பாவனையாளர்களுக்கு அது நல்ல காலம். கம்பனிகளுக்கு இரத்தக் கசிவு.

பார்தி எயார்டெலின் முறை இந்தியாவில் உருவானது. வலையமைப்பையும் கணினி வேலைகளையும் வெளிக் கம்பனிகளிடம் கொடுத்துவிடுவது, ஒரு நிமிடத்தின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் நிமிடங்களின் தொகையால் சம்பாதிப்பது என்பதே அது. நூறு கோடி மக்களின் சந்தையில் அது வேலை செய்தது. 2010இல் ஆபிரிக்காவின் 15 நாடுகளில் ஸெயின் கம்பனியின் சொத்துகளை 10.7 பில்லியன் டொலருக்கு வாங்கி, அதே முறையை அங்கே கொண்டுபோனபோது பல வருடங்கள் நட்டத்தில் தள்ளாடினார்கள். ஒரு நாட்டில் வென்ற முறையை இன்னொரு நாட்டில் அப்படியே பதியம் வைக்க முடியாது. இலங்கைச் சந்தை அதற்குப் போதாத அளவு சிறியது. 2022இல் ரூபா விழுந்ததும், டொலரில் வாங்கும் உபகரணமும் டீசலும் எட்டாத விலைக்குப் போயின. அந்த வருடம் செப்டெம்பரில் கைப்பேசிக் கட்டணங்கள் 20 வீதம் உயர அனுமதிக்கப்பட்டும் சிறிய கம்பனியால் மூச்சுவிட முடியவில்லை.

ஆகவே இணைப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. காசில்லாத ஐந்து கம்பனிகள் நகரங்களில் ஒரே தெருவில் ஐந்து டவர் நடுவதைவிட, பலமுள்ள மூன்று கம்பனிகள் லாகுகலைக்கும் பாணமைக்கும் சிக்னல் கொண்டுவருவது நல்லது. 075 இலக்கக்காரர்களுக்கு முன்னர் சிக்னல் கிடைக்காத இடங்களில் இப்போது கிடைக்கிறது என்றால் அது இலாபமே. இந்த இலாபம் எங்கே போகிறது, நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கரையில் சுமப்பவர்கள்

பொத்துவிலிலிருந்து கல்முனை வரை கரையோர வீதியில் ரீலோட் கடை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். கம்பனி எது என்பதைவிட, வாரம் ஒருமுறை வரும் விற்பனைப் பிரதிநிதி யார் என்பதே அவர்களுக்கு முக்கியம். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியும். நோன்பு காலத்தில் எந்த நேரம் கடை திறக்கும், கடல் பொய்த்த மாதத்தில் யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், சுற்றுலாப் பருவத்தில் உல்லைக்கு எத்தனை சிம் தேவை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கம்பனிகள் இணையும்போது ஒரே பிரதேசத்தில் இரண்டு விநியோகஸ்தர் தேவையில்லை என்று தலைமையகம் கணக்குப் போடும். அந்தக் கணக்கில் முதலில் அழிபடுவது இந்த அறிவு. பொத்துவிலில் ஒரு கடைக்காரக் காக்கா என்னிடம் சொன்னதன் சாரம் இதுதான்: பலகையை மாற்றிக் கட்டுவதற்கு ஆள் வந்தான், பழைய கணக்கைப் பேசுவதற்கு யாரும் வரவில்லை. எந்தக் கம்பனி என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். டவரில் ஏறுகிறவர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவர், காவல் நிற்கிறவர், தன் காணியை டவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தவர். இரண்டு வலையமைப்புகள் ஒன்றாகும்போது அருகருகே உள்ள இரண்டு டவர்களில் ஒன்று மிகையாகிவிடும். நிரந்தர ஊழியருக்காவது சட்டப் பாதுகாப்பு உண்டு. 15 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனங்களில் ஊழியரின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஒருவரை நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. அதனால்தான் கம்பனிகள் சுயவிருப்ப ஓய்வுத் திட்டம் என்ற கதவைத் திறக்கின்றன. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கு அந்தக் கதவும் கிடையாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடும்.

மூன்றாவது மொழி. சிங்களத்தில் வரும் குறுஞ்செய்தியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டி வாசிப்பிக்கும் முதியவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். என்ன கழிபட்டது, எதற்குக் கழிபட்டது என்று தெரியாமலே காசு போகிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. ஆனால் அது அரச நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதுபோல் தனியார் கம்பனிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. தமிழில் அழைப்பு நிலையம் நடத்துவது கம்பனிக்குச் செலவு. போட்டி இருந்தபோது அந்தச் செலவைச் செய்யக் காரணம் இருந்தது. தமிழில் பேசாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கம்பனிக்குப் போய்விடுவார் என்ற பயம்தான் அந்தக் காரணம். அடுத்த கம்பனிகள் குறையக் குறைய அந்தப் பயமும் குறையும். இணைப்பு பற்றிய கலந்துரையாடல்களில் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் டில்லிக்கும் இடையிலான கலாசார வேறுபாடு பேசப்படுகிறது. கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையிலான வேறுபாடு பேசப்படுவதில்லை.

இரண்டாவது சிம்

போரையும் சுனாமியையும் கண்ட மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒன்றில் மட்டும் வைப்பதில்லை. இங்கே பலரின் தொலைபேசியில் இரண்டு கம்பனிகளின் சிம்கள் இருக்கும். ஒன்று போனால் மற்றது. கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் அலை வந்தபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பொத்துவிலையும் உல்லையையும் இணைத்த பாலம் சேதமாகி, அறுகம்பே தனித்துப் போனது. அதன் பிறகு 2009இல் டயலொக், மொறட்டுவைப் பல்கலைக்கழகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவை சேர்ந்து கைப்பேசி வழியே எச்சரிக்கை அனுப்பும் முறையை அமைத்தன. கைப்பேசிக் கம்பனி என்பது அன்றிலிருந்து உயிர்காப்பு அமைப்பின் ஒரு பகுதி.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மின்சாரமும் ஃபைபர் கேபிள்களும் போய், நாட்டின் பல பகுதிகளில் டவர்கள் செயலிழந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். ஒரு வலையமைப்பு விழுந்தால் இன்னொன்று நிற்கும் என்பதுதான் பல கம்பனிகள் இருப்பதன் மிகப்பெரிய பயன். இரண்டு கம்பனிகள் ஒரே வலையமைப்பாகும்போது, வேறு வேறு என்று நினைத்து நாம் வைத்திருக்கும் இரண்டு சிம்களும் ஒரே டவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்த மாற்றம் எந்த விளம்பரத்திலும் சொல்லப்படுவதில்லை. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. ஆனால் அதன் உபகரண விலையை உல்லையின் பெரிய விடுதிகளால் தாங்கலாம், வள்ளக்காரரால் தாங்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கணக்கில் எழுத முடியாது. 2006க்கும் 2009க்கும் இடையில் காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் சிலர் அந்தக் காலத்து இலக்கத்தை இன்றும் மாற்றவில்லை. மாதந்தோறும் சிறு தொகை ரீலோட் செய்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு மனப்பாடமான இலக்கம் அது ஒன்றுதான் என்பது அவர்களின் காரணம். குறிப்பிட்ட காலம் பாவிக்காத முற்கொடுப்பனவு இலக்கத்தை மீளப்பெற்று இன்னொருவருக்கு விற்பது கம்பனியின் சாதாரண நடைமுறை. முதலாளி மாறும்போது அந்தக் காலக்கெடு மாறலாம், சிம்மை மாற்றச் சொல்லலாம், பழைய பதிவு ஆவணங்களைத் திரும்பக் கேட்கலாம். இணைப்பைத் திட்டமிடும் மேசையில் அந்தத் தாய் ஒரு செயலற்ற வாடிக்கையாளராகத்தான் தெரிவார்.

கேட்காத சட்டம்

இவற்றையெல்லாம் யார் கேட்கவேண்டும்? 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் கம்பனி இணைப்புகளைப் போட்டிக் கண்ணோடு ஆராயும் ஏற்பாடு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தபோது, அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பங்குச் சந்தையின் கையகப்படுத்தல் விதிகள் சிறு பங்குதாரர்களைப் பாதுகாக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உரிமப்பத்திரத்தைப் பார்க்கும். ரீலோட் கடைக்காரரையும், ஒப்பந்தத் தொழிலாளியையும், தமிழில் மட்டும் வாசிப்பவரையும் பார்ப்பதற்கு இந்த வரிசையில் யாரும் இல்லை.

ரெலிகொமின் அரச பங்கை விற்கும் பேச்சு 2023இல் எழுந்தபோது பாராளுமன்றத்தின் தேசிய பாதுகாப்பு மேற்பார்வைக் குழு எதிர்த்தது. பாதுகாப்பு ஆபத்து என்றது. அரசாங்கம் மாறியபின் அந்த விற்பனை கைவிடப்பட்டது. ஒரு தொலைத்தொடர்புக் கம்பனி கைமாறுவது பாதுகாப்புப் பிரச்சினை என்று சொல்ல ஒரு பாராளுமன்றக் குழு இருக்கிறது. அது பாவனையாளரின் பிரச்சினை என்று சொல்ல ஒரு குழு இல்லை.

அடுத்த இணைப்பு எப்போது என்று தெரியாது. ஆனால் உலகெங்கும் போக்கு அதை நோக்கித்தான். டயலொக்கின் தாய்க் கம்பனியான ஆசியாட்டா, மலேசியாவில் 2022இல் செல்கொமை டிஜியுடனும், இந்தோனேசியாவில் 2025இல் எக்ஸ்.எல்லை ஸ்மார்ட்ஃப்ரெனுடனும் இணைத்தது. ஆகவே அனுமதி கொடுப்பதற்கு முன்பே சில நிபந்தனைகளைக் கேட்க நாங்கள் பழகவேண்டும். இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் உரிமை உண்மையில் நடைமுறையில் இருக்கவேண்டும். இணைப்புக்குப் பின் குறைந்தது சில வருடங்களுக்கு, செயலற்ற இலக்கங்களை மீளப்பெறும் காலக்கெடுவைக் குறைக்கக் கூடாது. கட்டணம் பற்றிய ஒவ்வொரு செய்தியும் வாடிக்கையாளர் தெரிவுசெய்த மொழியில் போகவேண்டும் என்பது உரிமப்பத்திரத்தின் நிபந்தனையாகவேண்டும். எந்தப் பிரதேசத்தில் எத்தனை டவர்கள் நிறுத்தப்படுகின்றன, அங்கே மாற்று வலையமைப்பு எது என்று பகிரங்கமாகச் சொல்லவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சிறு விநியோகஸ்தருக்கும் பழைய கணக்கைத் தீர்ப்பதற்கு ஒரு பொறுப்பான ஆளும் ஒரு காலக்கெடுவும் இருக்கவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. பிரதேச சபைகளும், மீனவர் சங்கங்களும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும், கோயில் பரிபாலன சபைகளும் சேர்ந்து ஆணைக்குழுவுக்கு எழுதக்கூடியவை. கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் காணிக்கும் எல்லைக்கும் பிரிந்து நிற்கும் இடங்கள் பல. சிக்னல் விழும்போது இருவரின் தொலைபேசியும் ஒரே நேரத்தில்தான் மௌனமாகிறது. குறைந்தபட்சம் இந்த ஒன்றிலாவது ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.